கெளுத்தி மீன் சுணங்கினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிடும் சிறு விவசாயிகளில் சிலர், வீட்டு முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் குஞ்சுகளை வளர்த்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். பிள்ளைகளின் ஆசைக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இந்தத் தொட்டிகளில் பெரும்பாலும் ஒரு கெளுத்தி மீனாவது இருக்கும். சுவரில் ஒட்டிப் பாசியைச் சுரண்டும் சக்கர் மீன், மணலைக் கிளறி இரை தேடும் கோரிடோரஸ், கடைகளில் 'ஷார்க்' என்று சொல்லி விற்கப்படும் பங்காசியஸ் எல்லாமே கெளுத்தி இனத்தைச் சேர்ந்தவைதான். நம் ஊர் ஏரிகளில் கிடைக்கும் நாட்டுக் கெளுத்தியும் தேளியும் இவற்றின் உறவினர்களே.

இந்த மீன்களுக்கு நோய் வந்தால் அதை எப்படிக் கண்டறிவது, என்ன சிகிச்சை செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மருந்து போடப் போட மீன் செத்தது ஏன்?

வேப்பந்தட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் கார்த்திகை மாதத்தில் என்னைத் தேடி வந்தார். சென்னை கொளத்தூரிலிருந்து வாங்கி வந்த ஷார்க் குஞ்சுகளை 1,000 லிட்டர் சிமெண்டுத் தொட்டி ஒன்றில் விட்டிருந்தார். எண்ணிக்கை 400. விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைத்தான் இதில் போட்டிருந்தார். சில குஞ்சுகளின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. உடனே அவர் தொட்டியை முழுவதும் காலி செய்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியின் பஞ்சையும் சோப்புப் போட்டு அலசி, ஆழ்துளைக் கிணற்று நீரை நேராக நிரப்பினார். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைக் கூடுகளை உடைத்துக் கொட்டினார். மறுநாள் 60 மீன்கள் மிதந்தன. மருந்து போதவில்லை என்று நினைத்து மேலும் கொட்டினார். நான்காம் நாள் மிஞ்சியவை 90.

"ஐயா, மருந்து போடப் போட மீன் சாகுதுங்க" என்றார்.

தொட்டி நீரைச் சோதித்தபோது கார அமில நிலை 8.4 இருந்தது. அம்மோனியாவும் மிகுந்திருந்தது. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த 310 மீன்களையும் கொன்றது வெண்புள்ளி அல்ல, தண்ணீர்தான். இதை அவருக்கு விளக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. தொட்டி மீன்களில் நோய் என்று நம்மிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இப்படித்தான் முடிகிறது. ஆகையால் மருந்தைப் பற்றிப் பேசுமுன் மீனின் உடலமைப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் தெரிந்துகொள்வது அவசியம்.

கெளுத்தியின் உடலமைப்பு

கெண்டைக்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் உடல் முழுவதும் செதில் உண்டு. கெளுத்தி இனத்துக்குச் செதில் கிடையாது. தேளி, ஷார்க், நாட்டுக் கெளுத்தி ஆகியவற்றின் தோல் வெறுமையானது. வழவழப்பான கோழைப் படலம்தான் அதற்குப் பாதுகாப்பு. சக்கர், கோரிடோரஸ் மீன்களுக்கு எலும்புத் தகடுகள் உண்டு என்றாலும் வயிற்றுப் பகுதி திறந்தே இருக்கும். எனவே நீரில் கலக்கும் எந்த மருந்தும் கெளுத்தியின் உடலை விரைவில் தாக்கும். செதில் மீனுக்குச் சரியான அளவு, கெளுத்திக்கு மிகையாகிவிடும்.

கெளுத்தி அடிமட்டத்தில் வாழும் மீன். இரையின் மிச்சமும் கழிவும் வந்து சேருமிடமும் அதுவே. ஆகவே தொட்டி அசுத்தமானால் முதலில் பாதிக்கப்படுவது கெளுத்திதான். அதன் மீசைகள் இரையைத் தேடும் உணர்வு உறுப்புகள். அவை தேய்ந்தாலோ அழுகினாலோ அடிமட்டம் கெட்டுவிட்டது என்று பொருள்.

சில பழக்கங்களை நோய் என்று தவறாக எண்ணக்கூடாது. தேளிக்கு நீண்ட காற்றுப் பைகள் உண்டு. கோரிடோரஸ் குடல் வழியாகக் காற்றைப் பயன்படுத்தும். இவை அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போவது இயல்பு. நிமிடத்துக்குப் பல முறை மேலே வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பகலில் கல்லின் மறைவில் அசையாமல் கிடப்பதும் இயல்பே. கெளுத்தி இரவில் இரை தேடும் மீன். தொட்டியின் மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 2 அங்குல இடைவெளி விடுவது நல்லது.

நான்கு கேள்விகள்

மீன் சுணங்கியது தெரிந்தவுடன் கீழ்க்கண்ட 4 கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டனவா, ஒவ்வொன்றாகவா? பல இன மீன்களும் ஒரே நாளில் தடுமாறினால் அது தண்ணீர்க் கோளாறு அல்லது நஞ்சு. ஒன்று இரண்டாகத் தொடங்கி நாளுக்கு நாள் பரவினால் அது நோய்.

2. எந்த வேளையில்? விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் பிராணவாயுக் குறைவு. நீர் பச்சையாக இருக்கும் தொட்டியில் பிற்பகலில் தடுமாறினால் காரத்தன்மை ஏறி அம்மோனியா நஞ்சாகியிருக்கலாம்.

3. கடந்த 3 நாட்களில் என்ன செய்தீர்கள்? தண்ணீர் மாற்றியது, தொட்டியைக் கழுவியது, புதிய மீன் விட்டது, இரையைக் கூட்டியது, அருகில் பூச்சிமருந்து தெளித்தது ஆகிய அனைத்தையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

4. மீனின் உடலில் என்ன தெரிகிறது? புள்ளி, பஞ்சு, புண், வீக்கம், மீசைத் தேய்வு என எதுவும் இல்லாமல் மீன் மட்டும் திணறுகிறது என்றால், அநேகமாகத் தண்ணீரில்தான் குறை.

நம் பகுதித் தண்ணீரின் தன்மை

அரியலூர் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டு ஆலைகள் இங்கு வந்ததற்குக் காரணமே அதுதான். இத்தகைய நிலத்தின் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமாகவும் காரத்தன்மையுடனும் இருக்கும். பானையில் வெள்ளைப் படிவம் கட்டுவதைப் பெண்கள் நன்கு அறிவார்கள். கடின நீர் மட்டும் கெளுத்திக்குப் பெரிய கெடுதல் அல்ல. அது காரத்தன்மையோடு சேர்ந்து அம்மோனியாவை நஞ்சாக்குவதுதான் ஆபத்து.

மீனின் கழிவிலிருந்தும் அழுகிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றொன்று செவுள்களைத் தாக்கும் கொடிய நஞ்சு. எது எவ்வளவு என்பதைக் கார அமில நிலையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7 ஆக உள்ள நீரில் 100 பங்கு அம்மோனியாவில் 1 பங்குக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் 7 முதல் 8 பங்கு. 9 ஆகிவிட்டால் ஏறத்தாழ பாதி. ஆகவே வேறு ஊரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அழுக்கை நம் பகுதியில் தாங்காது. கோடையில் இது இன்னும் மோசமாகும்.

இயற்கையாகவே தொட்டியின் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அவை அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டியை முழுவதும் கழுவினாலும், பஞ்சைச் சோப்பில் அலசினாலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொட்டினாலும் இவை அழிந்துவிடும். வேப்பந்தட்டை விவசாயி ஒரே நாளில் இந்த மூன்றையும் செய்துவிட்டார். அதன் பிறகு 400 குஞ்சுகளின் கழிவு அப்படியே அம்மோனியாவாக நின்றது. நீரோ காரம் மிகுந்தது.

நைட்ரைட் மிகுந்தால் மீனின் இரத்தம் பழுப்பாகிவிடும். காற்று ஊட்டினாலும் மீன் திணறும். செவுள் சிவப்பாக இல்லாமல் காப்பி நிறத்தில் தெரியும். இதற்கு எளிய மருந்து சமையல் உப்பு. 100 லிட்டருக்கு 20 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் உடலுக்குள் புகுவது வெகுவாகக் குறையும்.

முதல் உதவி

காரணம் எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியவை இவை:

இரையை 2 நாட்களுக்கு நிறுத்துங்கள். வளர்ந்த கெளுத்தி சில நாட்கள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. காற்றுக் குழாயை அதிகப்படுத்துங்கள். மின்சாரம் இல்லையென்றால் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். நீரில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் வெளியேற்றிப் புதிய நீர் விடுங்கள். அடியில் உள்ள அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

புதிய நீரையும் அப்படியே ஊற்றக்கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு. கரியமில வாயுவும் இருக்கும். அதை அகன்ற தொட்டியில் ஓர் இரவு வைத்து, கலக்கிக் காற்றேற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஊராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கலாம். அதையும் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். கூரையிலிருந்து சேமித்த மழைநீரைக் கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் கடினத்தன்மையும் காரமும் குறையும். முதல் மழையின் நீரைக் கழித்துவிட்டு அடுத்த மழைகளில் சேமிப்பது நல்லது.

புதிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து நீர் கடுங்காரமாகிவிடும். நீர் நிரப்பி 3 நாட்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டு, குறைந்தது 3 வாரம் ஊற வைத்த பிறகே மீன் விட வேண்டும். கார அமில நிலையைப் பார்க்கும் தாள் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும். பயிருக்குப் பூச்சிமருந்து வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம்.

பூச்சிமருந்து நஞ்சு

2018இல் மக்காச்சோளப் படைப்புழு நம் மாநிலத்துக்கு வந்தது முதல், வயல்களில் தெளிப்பு அதிகமாகிவிட்டது. செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. தெளிப்பான் கழுவிய வாளியில் மீனுக்கு நீர் மொள்ளக்கூடாது. தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டியில் விடக்கூடாது. காற்று வீட்டுப் பக்கம் அடிக்கும் நாளில் தெளித்தால் தொட்டியை மூடி வையுங்கள். காற்றுக் குழாயின் மோட்டாரும் அந்தக் காற்றையே உள்ளே இழுக்கும் என்பதை மறக்கவேண்டாம். வீட்டுக்குள் கொசுமருந்து அடிப்பதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நஞ்சு பட்ட மீன் சுழன்று சுழன்று நீந்தும், துள்ளும், பிறகு புரளும். உடலில் புண் எதுவும் தெரியாது. உடனே வேறு சுத்தமான நீருக்கு மாற்றுவதுதான் ஒரே வழி.

மீன் பேன், ஒட்டுண்ணிகளைக் கொல்லப் பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தொட்டியில் சொட்டுவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

முக்கிய நோய்கள்

வெண்புள்ளி நோய்: உடலிலும் துடுப்புகளிலும் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உடலை உரசும். இதை உண்டாக்குவது ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நம் பகுதியில் ஐப்பசி முதல் தை வரை, நீர் குளிரும் காலத்தில் அதிகம் வரும். நாம் பார்க்கும் புள்ளி, தோலுக்கு அடியில் ஒட்டுண்ணி இருக்கும் கூடு. அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்ததும் அது உதிர்ந்து அடிமட்டத்தில் விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மீனைத் தேடி நீந்தும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. ஆகையால் ஒரு நாள் மருந்தில் புள்ளி மறையவில்லை என்று அளவைக் கூட்டுவது பெருந்தவறு. அளவைக் கூட்டாமல் நாட்களைக் கூட்டுங்கள். 10 நாட்களாவது சிகிச்சை தொடர வேண்டும். தினமும் அடிமட்ட அழுக்கை உறிஞ்சி எடுத்தால் உதிர்ந்த கூடுகளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். கண்ணாடித் தொட்டிக்குச் சூடேற்றி இருந்தால் மெல்ல மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒட்டுண்ணியின் பெருக்கம் தடைபடும். சூடேறிய நீரில் பிராணவாயு குறையும் என்பதால் காற்றை அதிகப்படுத்த வேண்டும். உப்பு லிட்டருக்கு 1 கிராம் வீதம் கலக்கலாம்.

பஞ்சுப் பூஞ்சை: காயம் பட்ட இடத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றும். வலையில் சிக்கிய காயம், சண்டைக் காயம், கரடுமுரடான கல் கிழித்த காயம் ஆகியவற்றில்தான் இது பிடிக்கும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் கலந்து 3 முதல் 5 நாட்கள் வைத்திருக்கலாம். இம்மருந்து நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் நீர்ச் செடிகளையும் பாதிக்கும். ஆகவே முக்கியத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

மீசை அழுகல், துடுப்பு அழுகல்: மீசை நுனி வெளுத்து, குட்டையாகி, அடியில் சிவந்து காணப்படும். அழுக்கு அடிமட்டமும் கூரிய சரளைக் கல்லும் முதல் காரணங்கள்; பாக்டீரியா பிறகு வந்து சேர்வது. கூரிய சரளையை எடுத்துவிட்டு, நன்கு அலசிய வழவழப்பான ஆற்று மணலைப் போடுங்கள். நீரை வாரம் இரு முறை பகுதியாக மாற்றுங்கள். ஆரம்ப நிலையில் இதுவே போதும். மீசை மீண்டும் வளர்ந்துவிடும். முற்றிய நிலையில் தனித் தொட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை 500 லிட்டருக்கு 1 கிராம் வீதம், முதலில் ஒரு குவளையில் நன்கு கரைத்துக் கலந்து, 4 மணி நேரம் கவனித்து வைத்திருந்து பிறகு நீரை மாற்றலாம். துகளாக நேரே போட்டால் அது பட்ட இடம் வெந்துவிடும்.

சேணப் புண்: முதுகுத் துடுப்பின் கீழ் குதிரைச் சேணம் போட்டதுபோல் சாம்பல் நிறப் படை தோன்றும், வாயிலும் பஞ்சுபோல் தெரியும். பலர் இதைப் பூஞ்சை என்று நினைப்பார்கள். இது பாக்டீரியா நோய். வெப்ப காலத்தில், நெருக்கடியான தொட்டியில், ஓரிரு நாளில் பரவும். உடனே பாதிக்கப்பட்டவற்றைப் பிரித்து, எண்ணிக்கையைக் குறைத்து, மேற்சொன்ன பெர்மாங்கனேட் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

வயிறு வீக்கம்: வயிறு உப்பி, கண் பிதுங்கி, அடிவயிறு சிவந்து காணப்படும். உள்ளுறுப்புகள் கெட்டபின் வெளியே தெரியும் அறிகுறி இது. இந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. அதைப் பிரித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும் வழியைப் பாருங்கள். இரையை அளவுக்கு மீறித் தின்ற மீனின் வயிறும் உப்பும். ஆனால் அது சுறுசுறுப்பாக இருக்கும்; 2 நாள் பட்டினியில் வற்றிவிடும்.

முதுகு வளைவு: குஞ்சுகளின் முதுகெலும்பு வளைந்து கோணலாவதற்கு வைட்டமின் சி குறைவு ஒரு முக்கியக் காரணம். மூட்டையாக வாங்கி மாதக்கணக்கில் வெயிலிலும் ஈரத்திலும் வைத்த தீவனத்தில் இந்த வைட்டமின் அழிந்துவிடும். வளைந்த முதுகு நேராகாது. புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மற்ற குஞ்சுகளுக்கு வராமல் தடுக்கலாம்.

மருந்தளவு கணக்கு

தொட்டியின் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக் கணக்கில் அளந்து பெருக்குங்கள். வருவதை 28 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் 56 லிட்டர். மணலும் கல்லும் அடைத்த இடத்தைக் கழித்தால் 50 லிட்டர் என்று கொள்ளலாம். 'ஒரு மூடி', 'ஒரு சிட்டிகை' என்று உத்தேசமாகப் போடுவதே பல மீன்களைக் கொல்கிறது.

உப்பை ஒரே தடவையாகப் போடாமல் மூன்று பங்காகப் பிரித்து, ஒரு நாளில் மூன்று வேளையாகக் கரைத்து ஊற்றுங்கள். கோரிடோரஸ் உப்பை அதிகம் தாங்காது; அவற்றுக்கு லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கிக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் மருந்துப் புட்டியில் செதில் மீனுக்கென்று அச்சிட்ட அளவில் பாதியையே கெளுத்திக்குப் பயன்படுத்துங்கள். தாமிரம் கலந்த மருந்துகளும் மாலகைட் பச்சையும் கெளுத்திக்கு ஆகாதவை. இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலக்கக்கூடாது. குறிப்பாகப் பெர்மாங்கனேட்டையும் ஃபார்மலினையும் சேர்க்கவே கூடாது.

நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை உடைத்து நீரில் கொட்டுவதால் நோய் தீர்வது அரிது. தொட்டி நீரின் சமநிலை கெடுவதும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவதும் உறுதி. அந்த நீர் வாய்க்காலில் கலந்து மாட்டுக்கும் மனிதருக்கும் வந்து சேரும். மீன் மருத்துவம் அறிந்தவர் சோதித்துச் சிபாரிசு செய்தாலன்றி இவற்றைத் தொடவேண்டாம்.

பண்ணைக் குட்டையில் வளர்ப்போர் கவனத்துக்கு

உண்பதற்காகத் தேளியோ மற்றக் கெளுத்தியோ குட்டையில் வளர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மேலே சொன்ன மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை போன்ற சாயங்களை உணவு மீனுக்குப் பயன்படுத்தக்கூடாது. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்கு மீன் வளர்ப்பில் தடை உள்ளது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவும் தடை உள்ளது. மலிவாகக் குஞ்சு தருகிறோம் என்று யாராவது வந்தால் ஏமாற வேண்டாம்.

புண் நோய் என்று நம் மக்கள் சொல்லும் கொள்ளை நோய் 1988இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. விராலும் கெளுத்தியும் தேளியும் உடலில் சிவந்த ஆழமான புண்களோடு மிதந்தன. பூஞ்சையை ஒத்த ஒரு கிருமி இதற்குக் காரணம். மழைக்குப் பின் நீர் குளிரும் மாதங்களில் இது தலைகாட்டும். முதலில் விராலில் தெரிந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்காக உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' என்னும் மருந்து, 1 மீட்டர் ஆழமுள்ள 1 எக்டேர் நீருக்கு 1 லிட்டர் வீதம் சிபாரிசு செய்யப்படுகிறது. சுண்ணாம்பு இடுவதும் பொதுவான சிபாரிசு. ஆனால் நம் பகுதியில் நீரைச் சோதிக்காமல் சுண்ணாம்பு இடக்கூடாது. கார அமில நிலை 8.5ஐ எட்டிய குட்டையில் சுண்ணாம்பு போட்டால், நோய் விட்டுவைத்த மீனை அம்மோனியா கொண்டுபோய்விடும்.

வருமுன் காத்தல்

புதிதாக வாங்கும் மீன்களை 3 வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அந்தத் தொட்டிக்குத் தனி வலை, தனிக் குழாய் வேண்டும். கெளுத்தியின் பக்கத்து முள் வலையில் மாட்டிக்கொண்டு கிழியும். ஆகவே கிண்ணத்தால் மொண்டு எடுப்பது மேல். 5 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே இரை கொடுங்கள். கெளுத்திக்கான இரையை மாலை இருட்டியபின் போடுவது நல்லது. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து அலசுங்கள். செத்த மீனை உடனே எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

தேளியின் முள் குத்தினால் கடுமையான வலி உண்டாகும். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். வீக்கமோ மயக்கமோ இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கையில் புண் உள்ளவர்கள் நோயுற்ற மீனின் தொட்டியில் கைவிடக் கூடாது.

இன்னொன்று. மீன் பெரிதாகிவிட்டது, நோயும் விடவில்லை என்று சலித்து ஏரியில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷார்க் 1 மீட்டருக்கு மேலும் வளரும். சக்கர் மீன் ஒன்றரை அடி வளரும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்து வலைகளையும் கிழித்து வருகிறது. தொட்டி மீன் கொண்டுபோகும் நோய்க் கிருமியும் ஏரியில் தங்கிவிடும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் பறவைகளுக்கும், அந்த நீரை நம்பிய பாசனத்துக்கும், ஏரி மீனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் இது கேடு. வேண்டாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்க விரும்புகிறவருக்குக் கொடுங்கள்.

சந்தேகம் வந்தால், ஒரு லிட்டர் தொட்டி நீரைச் சுத்தமான புட்டியில் எடுத்துக்கொண்டு, நோயுற்ற மீன் ஒன்றை உயிரோடு அதே நீரில் தனியாக எடுத்துச் சென்று காட்டுங்கள். செத்து நாறிய மீனைக் கொண்டு நோயைக் கண்டறிய முடியாது. பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்ட விவசாயிகள் ஜெயங்கொண்டத்தை அடுத்த சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களையோ, மீன்வளத் துறை அலுவலர்களையோ அணுகி ஆலோசனை பெறலாம்.

வேப்பந்தட்டை விவசாயி மிஞ்சிய 90 குஞ்சுகளுக்கு மருந்து எதுவும் போடவில்லை. நான்கு தொட்டி மழைநீரும், லிட்டருக்கு 1 கிராம் உப்பும், தினமும் அடிமட்டத்தை உறிஞ்சுவதுமாக 12 நாட்கள் பார்த்துக்கொண்டார். 83 குஞ்சுகள் பிழைத்தன. இப்போது அவருடைய தொட்டியின் பக்கத்தில் மருந்துப் புட்டிக்குப் பதிலாகக் கார அமில நிலை பார்க்கும் தாள்தான் தொங்குகிறது.